கம்பிக்குள்ளே ஆள் இல்லை

அவர் ஒருநாளும் சொன்னதைச் செய்தவர் அல்லர். அந்த நம்பிக்கை ஒன்றைத் துணையாகக் கொண்டுதான், என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம், மலாக்காவின் காஜா பெராங்கில் அவர் வாழ்ந்த வீட்டுக்குப் போனேன். அவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் அவருடைய தங்கை மட்டும் இருக்கிறார்.

நான் தேடிப்போனது ஓர் ஒலிநாடாவை. பெட்டியின் மேல் பதினேழு என்று எண்ணிட்டது. ஒரு பியானோ, ஒரு பாஸ், ஒரு டிரம் கொண்ட மூவர் குழு வாசிக்கும் ஜாஸ் அதில் இருக்கிறது. அதன் நடுவே, ஏறத்தாழ நான்கு வினாடி, என் மனைவி சிரிக்கிறாள். அவளுடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் விசேஷம் என்று எதையும் யாரும் பதிந்து வைக்க நேரவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்கும் தோன்றவில்லை. அந்த நான்கு வினாடியை அழித்துவிடும்படி அவருக்குக் கட்டளையிட்டவனும் நான்தான். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பு. "சரி சார்" என்றார். அவர் வாயில் "சரி சார்" என்றால் அந்தக் காரியம் நடக்காது என்று பொருள். ஆகவே கவலையில்லாமல் போனேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. உயிரோடிருந்த காலத்தில் என் கட்டுரைகளில் அவரை ஓரிடத்திலும் குறிப்பிட்டதில்லை. இப்போது தொடங்குவது முறையாகப் படவில்லை.

மலாக்கா செட்டி சமூகத்தவர். பல தலைமுறைகளுக்கு முன் வந்து இம்மண்ணில் மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழி. கோயில் உண்டு, விபூதி உண்டு, பொங்கல் உண்டு. வீட்டுப் பேச்சு மலாய். அவருக்குத் தமிழ் வந்தது வேறு வழியாக. பண்டார் ஹிலிர் பக்கம் ஒரு படக்கொட்டகையில் அவர் ஆப்பரேட்டர். தமிழ்ப் படங்களை நாளைக்கு மூன்று முறை ஓட்டி ஓட்டி, அரசர்களும் அமைச்சர்களும் பேசும் தமிழைக் கற்றிருந்தார். கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர்களிடமிருந்து இன்னொரு தமிழையும் கற்றிருந்தார். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் ஊற்றி, மேலே கொஞ்சம் மலாயைத் தூவுவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வாசலில் நின்றால், "தாங்கள் அமரவேண்டும் சார். கோப்பி சுடா சியாப்" என்பார். காப்பி தயார் என்று அர்த்தம். காப்பி தயாராக இருக்காது. அவருடைய தங்கை அதன் பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பார்.

நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் விரிவுரையாளன். சிங்கப்பூரில் படித்தபோது ஜாஸ் என்னைப் பற்றிக்கொண்டது. அது எப்படிக் கட்டப்படுகிறது, ஒரு மெட்டு எந்த இடத்தில் உடைந்து எந்த இடத்தில் திரும்பச் சேர்கிறது என்பதை எழுத்தில் விளக்க முடியும் என்று நம்பினேன். ஆங்கில நாளிதழ் ஒன்றில் எழுதியும் வந்தேன். மலாக்காவில் அந்த இசைக்குச் செவி கொடுத்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவர். அவர்களுள் இவர் இரண்டு சந்து தள்ளிக் குடியிருந்தார் என்பது என் அதிர்ஷ்டம் என்று முதல் மாதம் எண்ணினேன்.

மெர்டேகா என்ற நாட்டு விடுதலை வந்து வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். கப்பலுக்குப் போகும் முன் வீட்டுச் சாமான்களை லேலோங் விடுவார்கள். ஏலத்துக்கு எங்களூரில் அதுதான் பெயர். எல்லாரும் சாய்வு நாற்காலிக்கும் ஐஸ்பெட்டிக்கும் போட்டியிடும்போது, இவர் ஒருவர் மட்டும் கடைசிவரை காத்திருந்து, யாருக்கும் வேண்டாத இசைத்தட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். நியூயார்க்கிலும் சிகாகோவிலும் வாசிக்கப்பட்டவை இப்படித்தான் காஜா பெராங்குக்கு வந்து சேர்ந்தன. ஊரிலேயே சிறந்த சேகரம் அது. ஊரிலேயே மிக மோசமாகக் கேட்கப்பட்ட சேகரமும் அதுவே.

அவர் இசையைக் கேட்பதில்லை. ஆட்களைக் கேட்பார்.

மண்டபத்தில் ரசிகர்கள் முன்னால் வாசித்துப் பதிந்த தட்டு என்றால் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிடுவார். சாக்ஸபோன் ஒரு பெரிய வளைவை எடுத்து, நான் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் கணத்தில், ஊசியைத் தூக்கிப் பின்னால் வைப்பார். "கேட்டீங்களா சார்? இருமல்காரரு." ஆமாம், ஒருவர் இருமியிருப்பார். அதை நான்கு முறை கேட்க வேண்டும். அதே மண்டபத்தில் வேறொரு நாளில் பதிந்த இன்னொரு தட்டும் அவரிடம் இருந்தது. அதில் இருமல் இல்லை. "இன்னிக்கி வரல சார். ஒடம்பு சரியில்லையோ என்னமோ. கெசியான் லா." பாவம் என்று மலாயில் இரங்குவார். யார் என்றே தெரியாத ஓர் அமெரிக்கரின் உடல்நலத்துக்காக அந்தத் தட்டின் இரண்டு பக்கங்களையும் கவலை தோய்ந்த முகத்துடன் கேட்டுத் தீர்ப்பார். அவருக்குப் பரிச்சயமானவர்கள் இன்னும் பலர் இருந்தார்கள்: கண்ணாடிக் குவளையைக் கீழே போட்டவர், பாட்டு முடியுமுன்பே கைதட்டிவிடும் அவசரக்காரர், முன்வரிசையில் யாரிடமோ ஓயாமல் பேசும் பெண்மணி. வாசித்தவர்களின் பெயரைக் கேட்டால் உறையைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்வார்.

பாட்டு முடிந்ததும் மண்டபம் கைதட்டும். அவரும் எழுந்து நின்று கைதட்டுவார். அந்தத் தகரக்கூரை வீட்டில், ஒற்றை ஆளாக, மண்டபம் ஓயும்வரை.

ஸ்டூடியோவில் பதிந்த தட்டுகளிடம் அவருக்கு ஒருவித இரக்கம் இருந்தது. சிறையில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும்போது நமக்கு இருக்குமே, அது. அவற்றிலும் அவர் தேடுவது ஒன்றைத்தான். பாடகி அடியெடுக்குமுன் இழுக்கும் மூச்சு. பாஸ் வாசிப்பவரின் நாற்காலி முனகல். ஒரு பியானோக்காரர் தம் வாசிப்போடு சேர்ந்து பல்லுக்குள் முணுமுணுப்பார். அது பிழை, ஒலிப்பதிவாளர் நீக்கியிருக்க வேண்டும் என்றேன்.  "அவரு ஒருத்தருதான் சார் அங்க ஆளு. அவரையும் நீக்கச் சொல்றீங்களா?"

இப்படிக் கேட்கப் பழகியது எங்கே என்று ஒருமுறை விசாரித்தேன். ஆப்பரேட்டர் அறையில் ஒரு சிறு துவாரம் இருக்கிறதாம். அதன் வழியே திரை பாதிதான் தெரியும். ஆட்களின் தலைகள் முழுக்கத் தெரியும். எந்த இடத்தில் சிரிப்பார்கள், எந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருபது ஆண்டுகள் படம் ஓட்டியிருக்கிறார். ஒரு படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை.

பிறகு அந்த ஒலிப்பதிவுக் கருவி வந்தது. அதுவும் ஒரு லேலோங்கில்தான். இரண்டு சக்கரங்கள் சுழலும் கனத்த பெட்டி. தட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து தரும்படி நான்தான் கேட்டேன். கல்லூரியிலும் வீட்டிலும் வைத்து ஆராயலாம் என்ற எண்ணம். இசைத்தட்டுப் பெட்டியிலிருந்து பதிவுப் பெட்டிக்கு ஒரு கம்பியைச் செருகினால் போதும். தட்டில் உள்ளது அப்படியே நாடாவுக்கு ஏறிவிடும். ஜாலான் பெண்டஹாராவில் ரேடியோ பழுது பார்ப்பவர் இதை அவருக்குக் காட்டியும் கொடுத்தார். "சரி சார்" என்றார். செய்தது என்ன? ஸ்பீக்கரின் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு, அதன்மேல் மைக்கை நிறுத்தி, சன்னல்களையெல்லாம் திறந்துவைத்துப் பதிந்தார்.

எனக்கு வந்து சேர்ந்த நாடாக்களில் ஜாஸும் இருந்தது. கூடவே ரொட்டிக்காரரின் சைக்கிள் ஹார்ன், சேவல், கூரையில் மழை, அவருடைய தங்கை வெங்காயம் தாளிக்கும் ஓசை, பாட்டின் முடிவில் அவருடைய சொந்தக் கைதட்டல். கோபத்தை அடக்கிக்கொண்டு, கம்பி என்னவாயிற்று என்று கேட்டேன்.

"கம்பிக்குள்ளே ஆள் இல்ல சார்."

நாடாப் பெட்டிகளின் மேல் அவர் எழுதிய விவரங்களும் இந்த இலட்சணத்தில்தான் இருந்தன. குழுவின் பெயர் இராது. பதிந்தபோது அறையில் இருந்தவர்களின் பட்டியல் இருக்கும். தங்கை, சார், மழை. தங்கை, பக்கத்து வீட்டு அக்கா, அவர் கைக்குழந்தை. எந்த நாடாவில் எந்த இசை என்பதை அந்தப் பட்டியலைக் கொண்டு நான் ஊகித்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவி அவர் பக்கம். அவள் செமாபோக்கில் பிறந்து வளர்ந்தவள். மலாய் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்தத் தங்கையும் இவளும் அரைமணி பேசினால் இரண்டு வீட்டுக்கும் ஒரே குழம்பு கொதிக்கும். அவரை அண்ணே என்பாள். அவர் தங்கச்சி என்பார். அவருடைய நாடாக்களை நான் குறை சொன்னால், "கேக்கறதுக்கு அவங்க வீட்டுல இருக்கற மாதிரியே இருக்கு" என்பாள். அதுதான் குறை என்று நான் விளக்குவேன்.

செட்டிகளிடம் பார்ச்சு என்றொரு வழக்கம் உண்டு. பொங்கலுக்கு முன்னால், இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலை போட்டுப் படைப்பார்கள். பிறகு அவர்கள் வந்து உண்ணட்டும் என்று வீட்டார் அறையை விட்டு விலகி நிற்பார்கள். ஓராண்டு எங்களையும் அழைத்திருந்தார். இலைகளெல்லாம் போட்டாயிற்று, சாம்பிராணியும் காட்டியாயிற்று. அறையை விட்டு வெளியேறும்போது இவர் குனிந்து இசைத்தட்டின்மேல் ஊசியை வைத்துவிட்டு வந்தார். மூடிய கதவுக்குப் பின்னால், அவருடைய தகப்பனாருக்காக, அமெரிக்க மண்டபம் ஒன்று கைதட்டிக்கொண்டிருந்தது. உறவினர்கள் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் அப்பாவுக்கு ஜாஸ் பிடிக்குமா என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"செத்தவங்களுக்குப் பாட்டு எதுக்கு சார்? ஆளுங்க சத்தம்தான் வேணும். அது ஒண்ணுதான் அங்க கெடைக்காது."

சடங்கைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை என்று வீடு திரும்பும் வழியில் மனைவியிடம் சொன்னேன். அவள் நடையை எட்டிப் போட்டாள்.

இனி அந்தச் சொற்பொழிவு.

வெள்ளைக்காரர்கள் தொடங்கிய, எல்லா வகை இசைக்குமான இசைத்தட்டு வட்டம் ஒன்று ஊரில் இருந்தது. அவர்கள் போன பிறகு எங்கள் கைக்கு வந்தது. மாதம் ஒருமுறை பண்டார் ஹிலிரில் ஒரு மண்டபத்தில் கூடுவோம். ஒருவர் பேசுவார், தட்டுகள் ஒலிக்கும், தேநீர் தருவார்கள். மெர்டேகாவுக்குப் பின் மூன்றாம் ஆண்டில் என் முறை வந்தது. மண்டபப் பதிவுக்கும் ஸ்டூடியோப் பதிவுக்கும் உள்ள வேறுபாடு என்பது பொருள். கோலாலம்பூரிலிருந்து வானொலி அதிகாரி ஒருவர் கேட்க வருவதாகவும், பிடித்திருந்தால் ஜாஸ் பற்றி ஒரு தொடரை என்னிடம் ஒப்படைப்பார் என்றும் செய்தி. மூன்று வாரம் தயாரித்தேன்.

என் வாதத்தின் மையம் பதினேழாம் நாடா. அந்த மூவர் குழுவின் வாசிப்பில் ஓரிடத்தில் பியானோக்காரர் சட்டென்று கைகளை எடுத்துவிடுவார். இரண்டு தாள அளவுக்கு முழு மௌனம். அந்த மௌனத்துக்குள் ஒரு பெண் சிரிக்கிறாள். உரத்த சிரிப்பன்று, அடக்கப் பார்த்து, முடியாமல், வழிந்துவிட்ட சிரிப்பு. அது முடிந்ததும், அதற்காகவே காத்திருந்ததுபோலப் பியானோ மறுபடி நுழைகிறது. அவருடைய கருவியை இரவல் வாங்கி இதை நான் நூறு முறை கேட்டிருந்தேன். மூலத் தட்டு அப்போது அவரிடம் இல்லை. நாடாவில் பதிந்து முடித்ததும் அதைப் பண்டார் ஹிலிர்ப் பல் மருத்துவரான ஒரு சீனருக்குக் கொடுத்துவிட்டிருந்தார்.

நாடாவை ஓட்டக் கருவி வேண்டும், கருவி அவருடையது. ஆகவே கடைசி வரிசையில், கருவியின் பக்கத்தில், ஒரு வெள்ளைச் சட்டை அணிந்து அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வரிசையில் என் மனைவி.

ஆங்கிலத்தில் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று இன்றும் நினைக்கிறேன். ஸ்டூடியோவில் இந்த மௌனம் வெறும் இடைவெளி. மண்டபத்தில் அது ஒரு கேள்வி. அந்தப் பெண் விடை சொல்கிறாள் என்றேன். நாடாவை ஓட்டச் சொல்லி, அந்தச் சிரிப்பை இருமுறை கேட்க வைத்தேன். பிறகு அவளைப் பற்றிப் பேசினேன். இளம் வயதைக் கடந்த பெண். இந்த இசையோடு வளர்ந்தவள். கலைஞனின் குறும்பை மண்டபத்தில் முதலில் புரிந்துகொண்டவள். தான் கேட்கப்படுவதை அறியாதவள், ஆகவே பொய்யில்லாதவள். ஒரு கலைஞனுக்கு ஆயுளில் ஒரு முறையாவது இப்படியொரு செவி வாய்க்க வேண்டும் என்றேன். பத்து நிமிடம் அவளைப் புகழ்ந்தேன். வானொலி அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

முடித்ததும் பல் மருத்துவர் தயக்கத்தோடு எழுந்தார். அதே தட்டு தம்மிடம் இருக்கிறது, அதில் இந்தச் சிரிப்பு கேட்ட நினைவில்லை என்றார். வேறு பதிப்பாக இருக்கலாம் என்றேன். இல்லை, இவர் கொடுத்த தட்டேதான் என்று கடைசி வரிசையைக் காட்டினார். அன்றைய கூட்டத்துக்கென்று அது அவருடைய காரிலேயே இருந்தது. எடுத்துவந்து வைத்தார்கள். பியானோ ஓடி வந்தது, கைகளைத் தூக்கியது; இரண்டு அளவு மௌனம்; ஒரு மூச்சுச் சத்தமும் இல்லை; பியானோ நுழைந்தது.

கடைசி வரிசையிலிருந்து குரல் வந்தது. மண்டபம் முழுக்க ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தமிழில், எனக்கு உதவி செய்யும் தொனியில் சொன்னார்: "சார், அது தங்கச்சி சிரிப்பு."

நான் குறிப்புத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் போலும். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று மலாயில் முழுக்கதையையும் சொல்லத் தொடங்கினார். பதிந்த நாள் ஒரு ஞாயிறு; சாருக்குத் தேர்வு மேற்பார்வை. சாரின் மனைவி பாத்திரம் திருப்பித்தர வந்து, தங்கையோடு நடையில் உட்கார்ந்திருந்தார். சேவல் ஒன்று வாசற்படியில் ஏறி நின்று கூவுவதற்குக் கழுத்தை நீட்டியது. அதே நேரத்தில் பியானோ நின்றது. இவர் கையை உயர்த்திச் சேவலைப் பார்த்தார். சேவல் கூவவில்லை. கழுத்தை நீட்டியபடியே நின்றது. அவ்வளவுதான்.

 பிறகு இரண்டாம் வரிசையில் என் மனைவி சிரித்தாள். அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. வழிந்துவிட்டது. எழுபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குமேல் யாருக்கும் சான்று தேவைப்படவில்லை.

நாற்காலிகளைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பல் மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வானொலி அதிகாரி விடைபெறும்போது, அந்த அம்மையாரின் சிரிப்பு மிக நன்றாக இருந்தது என்றார். தொடரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பின்னரும் எழுதவில்லை.

காரில் திரும்பினோம். பாலத்தைக் கடந்தோம். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பத்து நிமிஷம் என்னப் பாராட்டுனீங்க. இந்த எட்டு வருஷத்துல இதான் மொத தடவ."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். எட்டு ஆண்டுகள் உடனிருந்த மனைவியின் சிரிப்பை ஒருவன் எப்படி அடையாளம் காணாமல் போவான் என்று அன்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை எளிது. எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்; உட்காரவில்லை. முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார். ஒங்க வீட்டுச் சிரிப்பு. நான் எதுக்குச் சொல்லணும்?"

அந்த நாடாவை அழித்துவிடுங்கள் என்றேன். பல் மருத்துவரிடம் தட்டை வாங்கி, கம்பி போட்டு, சுத்தமாக, தட்டில் உள்ளது மட்டும் இருக்கும்படி அதன்மேலேயே பதிந்துவிடுங்கள் என்றேன். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னேன்.

நாடாப் பெட்டிகளின் பக்கம் திரும்பினார். "அழிக்கத்தான் வேணுமா சார்?"

"ஆமாம்."

"சரி சார்" என்றார்.

சில மாதங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஒரே ஒருமுறை, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, அவர் கக்கத்தில் ஏதோ பெட்டியை இடுக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். இன்னொரு லேலோங் தட்டாக இருக்கும் என்று நினைத்தேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லி அனுப்பினேன். இருவரும் வாசலில் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டியோடு திரும்பிப் போனார்.

காலப்போக்கில் மறுபடி போனேன். வேறு யாரிடம் போவது? ஆனால் அவர் திருந்தவில்லை. அறுபதுகளின் முடிவிலும் அதற்குப் பிறகும் கிட்டாரும் தணிந்த குரலுமாக வந்த தட்டுகள், பின்னாளில் மென்ராக் என்று அழைக்கப்பட்டவை, அவரைப் பிடித்துக்கொண்டன. எனக்கு அவை சர்க்கரை கூடிய தேநீர். அவரோ, விரல்கள் கிட்டார்க் கம்பியில் வழுக்கும்போது எழும் அந்தக் கீச்சொலிக்காக ஒரு தட்டை முழுக்கக் கேட்பார். பாடுகிறவன் உதட்டை நக்கிக்கொள்வதுகூடக் கேட்கிறது என்று மகிழ்வார். அதே பாடகனின் ஸ்டூடியோத் தட்டையும் மேடைத் தட்டையும் அடுத்தடுத்து வைத்து, மேடையில் அவன் சொல் மறந்து சிரித்துவிடும் இடத்தை என் மனைவிக்குக் காட்டுவார். இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். நான் செய்தித்தாள் படிப்பேன்.

நாங்கள் செமாபோக்குக்குக் குடிபோனோம். கொட்டகை மூடப்பட்டது. அவருக்குச் செவி மங்கத் தொடங்கியது. ஒலியைக் கூட்டிவைத்துக்கொண்டு, ஸ்பீக்கரின் மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். கடைசியாகப் பார்த்தபோது, மண்டபத்தில் இன்று கூட்டம் எப்படி என்று என்னைக் கேட்டார். நல்ல கூட்டம் என்றேன். இருமல்காரர் வந்திருக்கிறாரா என்றார். வந்திருக்கிறார் என்றேன். எனக்குக் கேட்கவில்லை, ஆனாலும் சொன்னேன். அவருக்கு இணங்கி நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

போன மாதத்துக்கு வருகிறேன். தங்கை என் கைகளைப் பிடித்துக்கொண்டு என் மனைவிக்காக அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, பதினேழாம் நாடாவைக் கேட்டேன். அலமாரியைத் திறந்தார். முப்பதுக்கு மேற்பட்ட பெட்டிகள் எண் வரிசைப்படி நின்றன. எறும்புப்பொடியின் வாசனை வந்தது. பதினேழை எடுத்துத் தந்துவிட்டு அவர் சொன்னார். மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

சார் வந்து சத்தம்போட்டுப் போன அன்றே அண்ணன் பல் மருத்துவர் வீட்டுக்கு நடந்தே போய்த் தட்டை வாங்கி வந்தாராம். அவரிடம் கம்பி இருந்ததில்லை. ஜாலான் பெண்டஹாராவில் ரேடியோக்காரரிடம் இரவல் வாங்கினாராம். நாடாவை மூன்றுமுறை ஓட்டி அந்த இடத்தை மட்டும் கேட்டாராம். பிறகு சன்னல்களைச் சாத்தினாராம். பதிந்து முடிக்கும்வரை யாரும் அறைக்குள் வரக்கூடாது என்று தங்கையையும் வெளியே நிறுத்தினாராம். மறுநாள் கம்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு வாங்கவில்லை. அடுத்த வாரம் சாரிடம் கொண்டுபோனார், சார் வேலையாக இருந்தார் என்று திரும்பி வந்தார்.

பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன்மேல் அவர் எழுதியிருந்த, அன்று நான் கருத்தில் கொள்ளாத பழைய பட்டியல் இருந்தது: தங்கை, தங்கச்சி, சேவல். அதன் குறுக்கே, அளவுகோல் வைத்து ஒரே கோடு. கீழே மலாயில் மூன்று சொற்கள். ஆள் யாரும் இல்லை.

எடுத்துக்கொண்டு செமாபோக்குக்கு வந்தேன். பின்னாளில் நானும் வாங்கிய கருவி பல ஆண்டுகளாக ஓடவில்லை. தூசி துடைத்துப் போட்டதும் ஓடியது. மூவர் குழு வாசிக்கத் தொடங்கியது. சேவல் இல்லை, மழை இல்லை, ரொட்டிக்காரர் இல்லை. பாஸின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. பியானோ ஓடி வந்து கைகளைத் தூக்கியது. இரண்டு அளவு மௌனம். பியானோ நுழைந்தது. எதையாவது விட்டுவைத்திருப்பார் என்று மறுபக்கத்தையும் போட்டு, நாடா தீர்ந்து சக்கரம் வெறுமனே சுழலும்வரை கேட்டேன். ஒன்றும் இல்லை.

நான் கேட்டபடி, குறையே இல்லாத பதிவு. முப்பத்து நான்கு ஆண்டுப் பழக்கத்தில் அவர் நான் சொன்னதைச் செய்தது அந்த ஒரு முறைதான்.